இயல் தலைப்பிலுள்ள சாய்வெழுத்து, பக்கத்தின் மேலே தானாக வரும் தலைப்பில் மறைந்துவிடுகிறது: விவாத இழை

நெல்வயல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தமிழில் தட்டச்சு செய்து வருகிறேன். ஒவ்வோர் இயலும் ஒரு பயிரைப் பற்றியது. இயல் தலைப்பில் முதலில் தமிழ்ப் பெயரும் அதை அடுத்து இலத்தீன் எழுத்தில் அறிவியல் பெயரும் வருகின்றன. முதல் இயலின் தலைப்பை இங்கே தமிழ் எழுத்தில் காட்டினால் "நெல்: ஒரைசா சட்டைவா எல்." என்று இருக்கும். இதில் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும், இந்தப் பெயரை வகுத்த லின்னேயஸைக் குறிக்கும் "எல்." நேரெழுத்தில் இருக்க வேண்டும். வேறோர் இயலில் துணைச் சிற்றினமும் வருவதால், இரண்டு சாய்வுச் சொற்களுக்கு நடுவே "சப்ஸ்பீ." என்ற சுருக்கம் நேராக நிற்க வேண்டும்.

இந்தத் தலைப்பே ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தானாக வர வேண்டும் என்பது துறையின் விதி. வீட்டில் லிப்ரே ஆபீஸ் ரைட்டரும், துறையில் மைக்ரோசாஃப்ட் வேர்டும் பயன்படுத்துகிறேன். ரைட்டரில் ஹெடருக்குள் (பக்கத்தின் மேற்பகுதிக்குள்) சாப்டர் ஃபீல்டை, அதாவது இயல் தலைப்பைத் தானாக எடுத்துக் காட்டும் குறியை, வைத்தால் தலைப்பு வருகிறது, ஆனால் முழுவதும் நேரெழுத்தாகவே வருகிறது. அந்த ஃபீல்டைச் சாய்வாக்கினால் "நெல்" என்ற தமிழ்ச் சொல்லும் "எல்." என்ற சுருக்கமும் சேர்ந்தே சாய்கின்றன. வேர்டில் அதே வேலையைச் செய்யும் ஸ்டைல்ரெஃப் ஃபீல்டை வைத்தபோது முதல் இயலில் சரியாக இருந்தது. அடுத்த இயலில் சாய வேண்டியது நேராகவும், நேராக இருக்க வேண்டியது சாய்வாகவும் நிற்கின்றன. மென்பொருளின் குறையா, நான் கவனிக்காத அமைப்பு ஏதேனும் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பக்கம்கட்டுபவர்

உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் ரைட்டரைப் பார்ப்போம், ஏனெனில் அதன் விடை சுருக்கமானது.

ரைட்டரில் ஒரு ஃபீல்ட் தலைப்பைத் தேடி எடுக்கும்போது எழுத்துகளின் வரிசையை மட்டுமே எடுக்கிறது. எந்த எழுத்து சாய்வு, எந்த எண் கீழே இறங்கியிருக்கிறது என்ற செய்தி அந்த வரிசையில் இல்லை. பிறகு ஹெடரில் அந்த ஃபீல்ட் நிற்கும் இடத்துக்கு என்ன வடிவம் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதுவே முழு வரிசைக்கும் பூசப்படுகிறது. ஆகவே ஃபீல்ட் முழுவதும் சாய்வாக இருக்கலாம், அல்லது முழுவதும் நேராக இருக்கலாம், நடுவே மாறாது. 2023 ஆகஸ்டில் வந்த 7.6 பதிப்பில், வேர்டின் ஸ்டைல்ரெஃப் போன்ற ஃபீல்டை ரைட்டரிலும் சேர்த்தார்கள். கிராஸ் ரெஃபரன்ஸ் பகுதியில் ஸ்டைல்கள் (பெயரிட்டு வைத்த வடிவமைப்புகள்) என்ற வகையாக அது இருக்கிறது. அது தேடும் முறையை விரிவாக்கியதே தவிர, எடுத்து வருவது இன்னும் வெறும் எழுத்து வரிசைதான். எனவே நீங்கள் கவனிக்காத அமைப்பு எதுவும் ரைட்டரில் இல்லை.

வேர்டைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர் இந்தக் குழுவில் இருக்கிறார். அவர் எழுதட்டும்.

ஆவணப்பணியாளர்

வேர்டின் நடத்தை ரைட்டரைப் போன்றதன்று. ஸ்டைல்ரெஃப் ஃபீல்ட், நீங்கள் குறிப்பிட்ட ஸ்டைலில் உள்ள உரையை எடுக்கும்போது, அந்த ஸ்டைலுக்கே உரிய எழுத்தளவு, நிறம், தடிப்பு ஆகியவற்றை விட்டுவிடுகிறது. ஆனால் தலைப்புக்குள் சில எழுத்துகளைத் தேர்ந்து கண்ட்ரோல்-ஐ அழுத்தி நேரடியாகச் சாய்த்திருந்தால், அந்தச் சாய்வைக் கூடவே கொண்டுவருகிறது. மேலே ஏற்றிய எண்ணும் கீழே இறக்கிய எண்ணும் அப்படியே. இயல் தலைப்பு 18 புள்ளி அளவில் நீல நிறத்தில் இருந்தாலும் ஹெடரில் அது ஹெடருக்குரிய 9 புள்ளிக் கறுப்பில் வரும், சிற்றினப் பெயர் மட்டும் சாய்ந்திருக்கும். ஒரு பக்கத்தலைப்பு செய்ய வேண்டியதும் அதுதான்.

அப்படியானால் உங்கள் ஆவணத்தில் ஏன் கெட்டது? ஃபீல்ட் உரையாடல் பெட்டியின் கீழ்ப்பகுதியில் "புதுப்பிக்கும்போது வடிவமைப்பைப் பாதுகாக்கவும்" என்ற பொருளில் ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. அதில் குறி இட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரைப் படிக்கும் எவரும் இடத்தான் செய்வார்கள். அந்தக் குறி, ஃபீல்டின் இறுதியில் மெர்ஜ்ஃபார்மட் என்ற கட்டளையைச் சேர்க்கிறது. அது பாதுகாப்பது மூலத் தலைப்பின் வடிவத்தை அன்று. ஃபீல்டில் இதற்கு முன் தோன்றியிருந்த விடையின் வடிவத்தை. முந்தைய விடையில் இரண்டாம், மூன்றாம் சொற்கள் சாய்ந்திருந்தால், புதிய விடையிலும் இரண்டாம், மூன்றாம் சொற்களைச் சாய்க்கும். "நெல்" என்ற ஒரு சொல்லுக்குப் பொருந்திய கணக்கு "குதிரைவாலிப் புல்" என்ற இரண்டு சொற்களுக்குப் பொருந்தாதல்லவா? பக்கத்துக்குப் பக்கம் விடை மாறும் ஒரு ஃபீல்டுக்கு இந்தக் கட்டளை எவ்வகையிலும் ஏற்றதன்று. அந்தத் தேர்வுப்பெட்டியின் பெயரை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது இது. ஹெடருக்குள் சென்று ஆல்ட்-எஃப்9 அழுத்தினால் ஃபீல்டின் உட்குறி தெரியும். அதில் மெர்ஜ்ஃபார்மட் என்ற சொல்லையும் அதற்கு முன்னுள்ள சாய்கோட்டையும் நட்சத்திரக் குறியையும் அழித்துவிட்டு, மீண்டும் ஆல்ட்-எஃப்9, பிறகு ஃபீல்டின் மேல் வைத்து எஃப்9. தலைப்பில் நீங்கள் இட்ட சாய்வு அப்படியே மேலே வரும்.

இதற்கு நேர் எதிரான கட்டளை ஒன்றும் உண்டு. அதன் பெயர் சார்ஃபார்மட். ஃபீல்ட் பெயரின் முதல் எழுத்துக்கு என்ன வடிவம் கொடுத்திருக்கிறீர்களோ, அதை விடை முழுவதற்கும் பூசிவிடும். தலைப்பின் உள்வடிவம் எதுவும் மேலே வரக்கூடாது என்று கருதுபவர்களுக்கு அது பயன்படும். உங்களுக்கு அது வேண்டாம்.

நெல்வயல்

மிக்க நன்றி, ஐயா. அந்தக் கட்டளை உண்மையில் இருந்தது. அழித்த பிறகு எல்லா இயல்களிலும் சரியாக வருகிறது. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. துறையின் வார்ப்புருவில் ஹெடர் முழுவதுமே சாய்வெழுத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதில் இலத்தீன் பெயர் சாய்ந்து வந்தாலும் வேறுபாடு தெரியவில்லை. அச்சில் வந்த ஆங்கில நூல்களில் இத்தகைய இடத்தில் அறிவியல் பெயர் நேராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணப்பணியாளர்

நீங்கள் பார்த்தது அச்சுத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். சூழ்ந்த உரை சாய்ந்திருந்தால், வேறுபடுத்த வேண்டிய சொல் நிமிர வேண்டும். வேர்டு இதை ஓரளவு அறியும். சாய்வு என்பது அங்கே நிலைமாற்றும் பண்பு: பத்தி ஸ்டைல் சாய்வாக இருந்து, அதற்குள் ஒரு சொல்லுக்குச் சாய்வுள்ள எழுத்து ஸ்டைலைக் கொடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று நீக்கிச் சொல் நிமிர்ந்துவிடும். ஆனால் கண்ட்ரோல்-ஐ வழியாக நேரடியாக இடும் சாய்வு அப்படி மாறாது. அது சாய்வு என்றால் சாய்வுதான். உங்கள் தலைப்பில் இருப்பது நேரடிச் சாய்வு என்பதால் சாய்ந்த ஹெடரில் அது கரைந்துவிடுகிறது.

எளிய வழி, ஹெடரை நேரெழுத்துக்கு மாற்ற வழிகாட்டியிடம் அனுமதி கேட்பது. தமிழ் ஆய்வேட்டுக்கு அதுவே தகும் என்றும் கூறுவேன். தமிழில் சாய்வெழுத்துக்கென வரைந்த எழுத்துரு அரிது. விண்டோஸுடன் வரும் லதாவிலும் நிர்மலாவிலும் சாய்வு வடிவம் இல்லை. நேர் வடிவத்தையே மென்பொருள் பக்கவாட்டில் தள்ளிக் காட்டுகிறது. இலத்தீன் எழுத்துக்குச் சாய்வு ஒரு தனி வடிவம். தமிழ் எழுத்துக்கு அது சரிவு மட்டுமே. அந்தச் சரிவை வார்ப்புருவில் விதியாக எழுதியவர் ஆங்கில வார்ப்புருவை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்.

ஏட்டுச்சுவடி

நான் சற்று மாறுபடுகிறேன். பக்கத்தலைப்பு என்பது வாசகர் எந்த இயலில் இருக்கிறார் என்று காட்டும் வழிகாட்டிப் பலகை. "நெல்" என்று மட்டும் போட்டால் போதாதா? அறிவியல் பெயரையும், அதை வகுத்தவரின் சுருக்கத்தையும், துணைச் சிற்றினத்தையும் ஒவ்வொரு பக்கத்தின் நெற்றியிலும் ஏற்றுவதால் எவருக்கு என்ன பயன்? வடிவத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுவதைவிட, வடிவம் தேவைப்படாத சிறிய தலைப்பைக் கொடுப்பது எளிது. வேர்டிலேயே இதற்கு வழி இருக்கிறது: இயல் தலைப்பில் "நெல்" என்ற சொல்லுக்கு மட்டும் ஓர் எழுத்து ஸ்டைலைக் கொடுத்து, ஸ்டைல்ரெஃப் அந்த எழுத்து ஸ்டைலைத் தேடும்படி செய்யலாம். அகராதிகளில் பக்கத்தின் முதற்சொல்லையும் இறுதிச்சொல்லையும் மேலே காட்டுவது இப்படித்தான்.

பக்கம்கட்டுபவர்

உங்கள் ஆலோசனை பல நூல்களுக்குப் பொருந்தும். ஆனால் சுருக்க முடியாத தலைப்புகளும் உண்டு. என் பணியில் அவையே மிகுதி.

வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். க, ச, ட, த, ப என்ற எழுத்துகளின் வேறு ஒலிகளைக் காட்ட எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்ற சிறிய எண்களை இடுகிறோம். அந்த எண் ஒலிப்பின் பகுதி, அலங்காரம் அன்று. தட்டச்சு செய்பவர் அந்த எண்ணைச் சாதாரண 3 ஆக அடித்து மேலே ஏற்றியிருந்தால், பக்கத்தலைப்பில் வடிவம் உதிர்ந்தவுடன் "க3ணபதி" என்று எழுத்துக்குச் சமமான பருமனில் எண் வந்து நிற்கிறது. படிப்பவர் அதைப் பிழை என்றே கொள்வார். வேதியியல் நூலில் கரியமில வாயுவின் வாய்பாட்டிலுள்ள 2 நிமிர்ந்து பெரிதானால் என்ன ஆகுமோ அதே நிலைதான். பத்தின் அடுக்குகள் இன்னும் மோசம்: மேலே ஏறிய 6 இறங்கினால் பத்து இலட்சம் என்பது நூற்றாறு ஆகிவிடும்.

எங்கள் அச்சகங்களில் பெரும்பாலும் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைன்தான். அதில் 2007இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்து டெக்ஸ்ட் வேரியபிள் என்ற வசதி உண்டு. ரன்னிங் ஹெடர் என்ற வகை, பத்தி ஸ்டைலையோ எழுத்து ஸ்டைலையோ தேடி உரையை எடுத்துவரும். ஆனால் அதுவும் ரைட்டரைப் போல வெறும் எழுத்து வரிசையையே எடுத்து வருகிறது. போதாதற்கு, வேரியபிளின் உரை இரண்டாம் வரிக்கு மடங்காது. இடம் போதவில்லை என்றால் எழுத்துகள் ஒரே வரியில் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கிவிடும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாயிற்றே, இந்தச் சிறு காரியம் வராதா என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பார்கள். வராது.

ஆகவே எண்களுக்கு நாங்கள் வடிவமைப்பை நம்புவதை விட்டுவிட்டோம். யூனிகோடில் ², ³, ⁴ என்றும் ₂, ₃, ₄ என்றும் தனி எழுத்துகளாகவே இருக்கின்றன. "க³ணபதி" என்று அந்த எழுத்தையே அடித்துவிட்டால் எந்த மென்பொருள் வடிவத்தை உதிர்த்தாலும் எண் சிறியதாகவே நிற்கும். ஒரு கவனம் தேவை: ²உம் ³உம் மிகப் பழைய குறிமுறைகளிலேயே இடம்பெற்றவை என்பதால் பெரும்பாலான எழுத்துருக்களில் இருக்கும், ⁴ பிற்பாடு வேறோர் இடத்தில் சேர்ந்தது. நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருவில் ⁴ இல்லையென்றால் மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து அதை எடுத்து இடும். மூன்றும் ஒரே சொல்லில் வரும்போது உயரமும் தடிப்பும் மாறுபட்டு நிற்கும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சாய்வுக்கு இந்த வழி உதவாது. கணிதத்துக்கென யூனிகோடில் சாய்ந்த இலத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. சிலர் அவற்றைக் கொண்டு அறிவியல் பெயரை எழுதுகிறார்கள். பார்க்கச் சரியாகத் தெரியும். ஆனால் தேடுபவர் சாதாரண எழுத்தில் பெயரை அடித்தால் பல இடங்களில் அகப்படாது. திரைவாசிப்பான் அதைச் சொல்லாகப் படிக்காமல் தடுமாறும். ஆய்வேட்டில் அதைச் செய்யாதீர்கள்.

டெக்ஸ்வழி

கட்டளைகளை எழுதி நூலைக் கட்டும் லேடெக் மென்பொருளைப் பயன்படுத்துபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அங்கே இந்தச் சிக்கல் பிறப்பதே இல்லை, ஏனெனில் பக்கத்தலைப்புக்குச் செல்வது எழுத்து வரிசை அன்று, தலைப்புக்குள் எழுதிய கட்டளைகளோடு கூடிய துண்டு. தலைப்பில் எம்ஃப் கட்டளைக்குள் அறிவியல் பெயரை எழுதினால் அந்தக் கட்டளையும் சேர்ந்தே மேலே போகிறது. மேலும், புக் வகுப்பில் (லேடெக்கில் நூலுக்கான வார்ப்புருவில்) பக்கத்தலைப்பு இயல்பாகவே சரிந்த எழுத்தில் இருக்கும். எம்ஃப் என்பது "சூழலிலிருந்து வேறுபடுத்து" என்ற கட்டளை என்பதால், சரிந்த ஹெடரில் அது சொல்லை நிமிர்த்துகிறது. மேலே நெல்வயல் ஆங்கில நூல்களில் பார்த்ததாகக் கூறிய வழக்கம் இங்கே கேட்காமலேயே கிடைக்கிறது. எம்ஃபுக்குப் பதிலாக, எப்போதும் சாய்க்க மட்டுமே செய்யும் டெக்ஸ்ட்ஐடி கட்டளையை எழுதினால் இந்தப் பயன் கிடைக்காது.

குறை ஒன்றும் இருக்கிறது. அதே வகுப்பு பக்கத்தலைப்பை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மாற்றிவிடும். தமிழுக்கு அதனால் பாதிப்பில்லை. அறிவியல் பெயரில் பேரினத்தின் முதல் எழுத்து மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி உடைந்துவிடும். ஃபேன்சிஹெடர் தொகுப்பில் நோஅப்பர்கேஸ் என்ற கட்டளை இதைத் தடுக்கும். ஏட்டுச்சுவடி கூறிய சிறிய தலைப்பும் எளிதுதான்: சாப்டர் கட்டளையை அடுத்துச் சதுர அடைப்புக்குள் எழுதுவது பொருளடக்கத்துக்கும் பக்கத்தலைப்புக்கும் செல்லும், சுருள் அடைப்புக்குள் இருப்பது இயலின் முகப்பில் மட்டும் நிற்கும்.

ஏட்டுச்சுவடி

ஆய்வேடு பாதி முடிந்த நிலையில் ஒருவரை லேடெக்குக்கு மாறச் சொல்வது முறையன்று என்பதைப் பதிவு செய்கிறேன்.

டெக்ஸ்வழி

மாறச் சொல்லவில்லை. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும் வேறு வாசகர்களுக்காகவே எழுதினேன். துண்டை அப்படியே எடுத்துச் செல்வது லேடெக்குக்கு மட்டும் உரியதும் அன்று. 2001இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த, பக்கம் கட்டும் மொழியான எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓவில் மார்க்கர் என்ற உறுப்பு வடிவத்தோடு மேலே செல்கிறது. இணையப் பக்க வடிவமைப்பு மொழியான சிஎஸ்எஸ் வழியாக அச்சுப் பக்கம் கட்டும் முறையில் இரண்டும் அருகருகே இருக்கின்றன: ஸ்ட்ரிங்-செட் எழுத்தை மட்டும் எடுக்கும், ரன்னிங் எலிமென்ட் உறுப்பையே எடுக்கும். எதை எடுத்துச் செல்வது என்ற முடிவை அங்கே நூலாசிரியரிடம் விட்டிருக்கிறார்கள்.

நெல்வயல்

வேர்டில் இனிச் சிக்கல் இல்லை. ஆயினும் வீட்டில் ரைட்டர் மட்டுமே இருப்பதால், அதிலேயே முடிக்க வழி உண்டா என்று அறிய விரும்புகிறேன். தலைப்பைச் சுருக்கத் துறை அனுமதிக்கவில்லை. ஹெடரை நேரெழுத்தாக்க மட்டும் வழிகாட்டி ஒப்புக்கொண்டார்.

பக்கம்கட்டுபவர்

உண்டு, கொஞ்சம் ஒழுங்கு தேவைப்படும். 7.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். தலைப்பை மூன்று துண்டுகளாகக் கருதுங்கள்: தமிழ்ப் பெயர், இலத்தீன் பெயர், வகுத்தவரின் சுருக்கம். மூன்றுக்கும் மூன்று எழுத்து ஸ்டைல்களை உருவாக்கி, எல்லா இயல் தலைப்புகளிலும் அந்தந்தத் துண்டுக்கு இடுங்கள். ஹெடரில் மூன்று ஃபீல்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் ஒரு ஸ்டைலைத் தேடும்படி அமைத்து, நடு ஃபீல்டுக்கு மட்டும் சாய்வு கொடுங்கள். ஒவ்வொரு ஃபீல்டும் ஒரே வடிவத்தைத்தான் தாங்கும் என்பதால், வடிவத்துக்கு ஒன்றாக ஃபீல்டைப் பிரித்துவிடுகிறோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தேடும் ஸ்டைல் இந்தப் பக்கத்தில் இல்லையென்றால் ஃபீல்ட் பின்னோக்கிச் சென்று கடைசியாக அது எங்கே இருந்ததோ அங்கிருந்து எடுத்துவரும். இயல் நடுவிலுள்ள பக்கங்களில் தலைப்பு தோன்றுவதே இதனால்தான். ஆனால் ஓர் இயலில் வகுத்தவர் பெயர் இல்லாமல் விட்டிருந்தால், முந்தைய இயலின் "எல்." வந்து ஒட்டிக்கொள்ளும், வேறொருவர் வகுத்த சிற்றினம் லின்னேயஸின் பெயரில் போய்விடும். தேர்வாளர் கண்ணில் படாமல் போகக்கூடிய பிழை என்பதால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எனவே எல்லாத் தலைப்புகளும் ஒரே வார்ப்பில் இருந்தால் மட்டுமே இந்த முறையைக் கையாளுங்கள்.

துணைச் சிற்றினம் வரும் அந்த ஒரே இயல் இந்த வார்ப்பில் அடங்காது. அதற்குத் தனிப் பக்க ஸ்டைல் ஒன்றை உருவாக்கி, அந்த இயலின் தொடக்கத்தில் பக்க முறிவோடு அதை இட்டு, ஹெடரைக் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். தானியக்கம் என்ற பெயருக்காக ஓர் இயலுக்கு ஐந்து ஃபீல்டுகளை வைப்பதைவிட அது நேர்மையான வழி. சொல்லப்போனால் பத்து, பன்னிரண்டு இயல்கள் மட்டுமே என்றால் எல்லாவற்றுக்குமே அப்படிச் செய்வதில் தவறில்லை. தலைப்பைத் திருத்தும்போது ஹெடரையும் திருத்த வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மற்றொன்று: ரைட்டரில் எழுத்து ஸ்டைலுக்கு மேற்கத்திய எழுத்துரு, எழுத்துகள் கூடி வடிவம் மாறும் எழுத்துமுறைகளுக்கான (காம்ப்ளெக்ஸ்) எழுத்துரு என இரண்டு பகுதிகள் தனித்தனியே உண்டு. தமிழ் இரண்டாவதில் சேரும். நடுத் துண்டு முழுவதும் இலத்தீன் என்பதால் முதற்பகுதியில் மட்டும் சாய்வைக் கொடுத்தால், தவறிப்போய் ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் அது சரியாது.

ஆவணப்பணியாளர்

இரண்டு மென்பொருள்களிலும் மாறி மாறித் திறப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர்டில் சரியாக வந்த ஃபீல்டை ரைட்டரில் திறந்து சேமித்தால், மீண்டும் அது ரைட்டரின் முறைக்கே வந்துவிடும். வீட்டில் உரையை எழுதுங்கள். ஹெடரை அமைத்து பிடிஎஃப் எடுப்பதை ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள்.

நெல்வயல்

அப்படியே செய்கிறேன், இறுதிப்படியைத் துறையின் வேர்டிலேயே எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி. பிடிஎஃப் எடுத்தபோது பக்கத்தலைப்பில் சாய்வு சரியாக இருக்கிறது, ஆனால் இடப்பக்கம் வரும் புக்மார்க் பட்டியலில் எல்லாப் பெயர்களும் நேராக இருக்கின்றன. ஏற்றுமதி அமைப்பில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

டெக்ஸ்வழி

வேண்டியதில்லை. பிடிஎஃப் வடிவத்திலேயே புக்மார்க்கின் பெயர் வெறும் எழுத்து வரிசைதான். ஒரு பதிவு முழுவதையும் சாய்வாகவோ தடிப்பாகவோ காட்டும்படி குறிக்கலாம். அதன் ஒரு பகுதியை மட்டும் சாய்க்க எந்த மென்பொருளாலும் இயலாது. லேடெக்கிலும் இந்த ஓரிடத்துக்கு வடிவமில்லாத தலைப்பைத் தனியாக எழுதிக் கொடுக்கிறோம். உங்கள் தலைப்புகளில் வாய்பாடுகள் ஏதேனும் இருந்தால் அவற்றுக்கு மட்டும் ₂ போன்ற எழுத்துகளை இட்டுவிடுங்கள். அறிவியல் பெயர்கள் அங்கே நேராகவே இருக்கட்டும்.